காற்றறியா உயிர்கள்: வாய்நோய் நுண்ணங்கிகளை இனங்கண்ட வரலாறும் யாழ்ப்பாணமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். இன்று காரைநகர் எனப்படும் காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் பெரும்பாலும் ஏட்டோடு போயின. நெடுந்தீவு மாத்திரம் ஆங்கில வழக்கில் இன்றும் டெல்வ்ற் என்றே வழங்கப்படுகின்றது. அப்பெயருக்குரிய ஒல்லாந்து நகரிலே 1632 ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் பிலிப்பஸ் பால்டேயஸ். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய காலத்தில் மதகுருவாக இங்கு வந்து ஏறத்தாழ ஏழாண்டுகள் பணிபுரிந்தவர். 1672 இல் அம்ஸ்ரடாமில் அச்சேறிய அவரது நூலை யாழ்ப்பாண வரலாறு பயில்வோர் எவரும் தவிர்த்தல் இயலாது. மற்றையவர் அந்தோனி வான் லீவன்கூக். இவர் துணி வணிகர். ஊரைவிட்டு அதிகம் அகலாதவர். பால்டேயஸ் கடல்கடந்து புதிய நாடு கண்டார். லீவன்கூக் கண்ட நாடு அவரது வாய்க்குள்ளேயே இருந்தது.

இக்கட்டுரை ஆய்வுகூடத்தில் நின்று எழுதப்படுவதன்று. வாயில் தோன்றும் சீழ்நோய்களுக்குக் காரணமாவனவும் காற்றுப் பட்டால் மடிவனவுமாகிய நுண்ணங்கிகளை மனிதர் எவ்வாறு இனங்கண்டனர் என்பதையும், அக்கண்டறிதல் நிகழ்ந்த காலத்தே யாழ்ப்பாணத்து மருத்துவத் தமிழ் எந்நிலையில் நின்றது என்பதையும் அருகருகே வைத்து நோக்குவதே இதன் எண்ணம். அவ்வாறு நோக்கும்போது ஒன்று புலப்படும். கண்ணாடிவில்லை முந்தி வந்தது. காற்றை நீக்கிய பாத்திரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேற் பிந்தி வந்தது. நம்முடைய மருத்துவத் தமிழ் இவ்விரண்டுக்கும் இடையிலே தோன்றி, இரண்டாவது வந்துசேருமுன் நின்றுவிட்டது.

லீவன்கூக்கின் இரு கடிதங்கள் இங்கு நோக்கற்பாலன. 1680 ஆம் ஆண்டு யூன் மாதத்துக் கடிதம் ஒன்று. இடித்த மிளகை மழைநீருடன் கண்ணாடிக் குழாயில் இட்டு, குழாயின் வாயைத் தீயில் உருக்கி அடைத்து வைத்தார். காற்றுப் புகாத குழாயில் உயிர் தோன்றாது என்பதே அவரது எதிர்பார்ப்பு. சில நாள் கழித்துத் திறந்து நோக்கியபோது அங்கே நுண்ணுயிர்கள் நெளிந்தன. அவரால் இதனை விளக்க இயலவில்லை. 1913 இல் அதே டெல்வ்ற் நகரில் ஆய்வு நடத்திய பெயரிங்க் என்னும் அறிஞர் பழைய கடிதத்தை எடுத்து அச்சோதனையைத் திரும்பச் செய்து, லீவன்கூக் கண்டவை காற்றின்றி வாழும் பற்றீரியாக்களே என நிறுவினார். ஒல்லாந்தரைக் கீழ்த்திசைக்கு இழுத்துவந்த பண்டங்களுள் மிளகும் ஒன்று. அம்மிளகே காற்றறியா உயிர்களை முதன்முதற் காட்டிக் கொடுத்தது எனலாம்.

மற்றைய கடிதம் 1683 செப்ரெம்பர் 17 ஆம் தேதியது. நாள்தோறும் உப்பினாற் பல் விளக்கும் வழக்கமுடையவர் லீவன்கூக். அவ்வாறிருந்தும் பல்லிடுக்கில் வெண்மையாக மா போன்றதொரு பொருள் தங்குவதைக் கண்டு, அதனை மழைநீரிற் கலந்து வில்லையின்கீழ் வைத்தார். பலவகை உயிர்கள் துள்ளியும் சுழன்றும் திரிந்தன. பெண்கள், சிறுபிள்ளை, பல்லே விளக்காத கிழவர் ஆகியோரின் வாய்ப்பொருளையும் பெற்று நோக்கினார். தம் நாட்டு மக்கள் தொகையினும் தம் வாயிலுள்ள உயிர்களின் தொகை மிகுதி என எழுதினார். காடியினால் வாயைக் கொப்பளித்தபோது பல்லழுக்கின் மேற்புறத்து உயிர்களே மடிந்தன, உள்ளே இருந்தவை மடியவில்லை என்பதையும் அவர் கவனித்தார். அழுக்குப் படலத்தின் உட்புறம் வேறோர் உலகம் என்பதற்கு இதுவே முதற் சான்று. இக்கடிதங்கள் யாவும் இலண்டன் றோயல் சொசைற்றி என்னும் அறிஞர் கழகத்துக்கு எழுதப்பட்டவை. ஆனால் இலத்தீனில் எழுதப்பட்டவையல்ல. லீவன்கூக்குக்கு இலத்தீன் தெரியாது. தமது ஊர்ச் சந்தையிற் பேசிய ஒல்லாந்து மொழியிலேயே எழுதினார். மொழிபெயர்த்துக் கொள்வது இலண்டனாரின் வேலையாயிற்று.

யாழ்ப்பாணத்தில் அக்காலத்தே வாய்நோய் எவ்வாறு அறியப்பட்டது? பல்லைத் தாங்கும் சதையைத் தமிழகத்தார் ஈறு என்பர். யாழ்ப்பாணத்தார் முரசு என்பர். முரசு கரைதல், முரசு வீங்குதல், சூத்தைப்பல், பல்லரணை என நோய்க்குறிகளுக்குச் சொற்கள் நிறைய உண்டு. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக்குரியனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நோய்களைக் குறிகளின்படி வகுத்து மருந்து கூறும் மரபைச் சேர்ந்தவை. ஆலங்குச்சி, வேப்பங்குச்சி, உப்பு, உமிக்கரி என்பன வீட்டு வழக்கு. இவற்றை அறியாமை எனத் தள்ளுவது வரலாற்று நோக்காகாது. அங்கு வகுக்கப்பட்டது நோய். நோயை உண்டாக்கும் உயிரன்று. கிருமி என்ற சொல்லும் அக்காலத்தே புழுவையே குறித்தது. வைணவ மரபிற் பேசப்படும் கிருமிகண்ட சோழனின் கழுத்தில் நேர்ந்தது யாதென இன்றைய மருத்துவப் பெயரொன்றைச் சூட்ட விரும்புவோர் உளர். அச்சோழன் யார் என்பதே முடிவுறாத வழக்காயிருக்க, அவன் கழுத்துநோயை முடிவுசெய்வது அளவுகடந்த துணிவாகும்.

ஐரோப்பாவிலும் லீவன்கூக்கின் பின் நெடுங்காலம் இத்துறை உறங்கியது. 1861 இல் லூயி பாஸ்ரர், வெண்ணெய் கெடும்போது எழும் நாற்றத்துக்குரிய அமிலத்தைத் தோற்றுவிக்கும் நொதிப்பை ஆராய்ந்தார். ஒரு துளித் திரவத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, துளியின் விளிம்பில், காற்றுப் படும் இடத்தில், நுண்ணங்கிகள் அசைவற்றுக் கிடந்தன. நடுவில் இருந்தவை ஓடித் திரிந்தன. காற்றே அவற்றுக்கு நஞ்சு என அவர் உணர்ந்தார். ஈராண்டுகளின் பின் காற்றில் வாழ்வன, காற்றின்றி வாழ்வன என்ற இருவகைப் பெயரீட்டையும் அவரே வழங்கினார்.

இக்காலத்தே மானிப்பாயில் நிகழ்ந்தது யாது? அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்தார். இடையில் தாயகஞ் சென்று தங்கிய சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கென நூல்கள் வேண்டியிருந்தன. தம் மாணாக்கரையும் துணைக்கொண்டு அவர் உருவாக்கிய வரிசை வியப்புக்குரியது. 1867 இல் இரண வைத்தியம். 1872 இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம். 1875 இல் கெமிஸ்தம். 1883 இல் மனுஷ சுகரணம். 1884 இல் இந்து பதார்த்தசாரம். பின்னைய நூல்களுக்கான உழைப்பை அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னரும் அவர் கைவிடவில்லை. 1884 இலேயே காலமானார். தாம் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பதே தமது கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென விரும்பியவர் அவர்.

இத்தேதிகளை மறுபுறத்துத் தேதிகளோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். இரண வைத்தியம் வெளிவந்த 1867 இலேதான் லிஸ்ரர், காயத்திற் சீழ் பிடிக்காமற் காக்கும் தமது முறையை இலண்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார். றொபேட் கொக் கால்நடைகளைத் தாக்கும் அந்திராக்சு நோயின் நுண்ணங்கியை விளக்கியது 1876 இல். காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882 இல். பற்றீரியாக்களைச் சாயமூட்டி இருவகையாகப் பிரிக்கும் முறையைக் கிராம் வெளியிட்டது 1884 இல், அதாவது கிறீன் மறைந்த ஆண்டில். மானிப்பாய்த் தமிழ் மருத்துவம் உடலின் என்புகளையும் நரம்புகளையும் மருந்துகளையும் இரசாயனத்தையும் பெயரிட்டு முடித்த வேளையில், நுண்ணங்கியியல் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. மறுபுறம் 1870 இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. அரசாங்க உத்தியோகம் அவ்வழியே சென்றது. தமிழில் மருத்துவம் இயலாது என்று பிற்காலத்தார் கூறுவது வழக்கம். இயலாமை காரணமன்று என்பதற்கு மேற்கூறிய நூல்வரிசையே சாட்சி. நோய்க்கிருமி என்ற கருத்து நிலைபெறுமுன் அம்முயற்சிக்கு ஊட்டம் அற்றுப்போயிற்று. வாயில் வாழும் உயிர்களுக்குப் பெயரிடும் பொறுப்பைத் தமிழில் ஏற்க மானிப்பாயில் எவரும் இருக்கவில்லை.

1890 இல் மில்லர் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர், பேர்ளினிற் செய்த ஆய்வுகளைத் திரட்டி மனித வாயின் நுண்ணங்கிகள் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். மாப்பொருளும் வெல்லமும் பற்றீரியாக்களால் அமிலமாகிப் பல்லை அரிப்பதே சூத்தை என்ற விளக்கம் அவருடையது. ஆனால் நமக்கு முக்கியமானது அவர் எதிர்கொண்ட இடர். நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தெரிந்த பல வடிவங்கள் ஆய்வுகூடத் தட்டிலே வளர மறுத்தன. அதே பத்தாண்டில் யேர்மானியரான பிளௌற்றும் பிரெஞ்சு இராணுவ மருத்துவரான வின்சன்றும், அழுகி நாறும் வாய்ப்புண்களில் கதிர்வடிவக் கோலுயிர்களும் சுருளுயிர்களும் சேர்ந்து காணப்படுவதைத் தனித்தனியே எடுத்துக்காட்டினர். முதலாம் உலகப்போரில் அகழிகளிற் கிடந்த படைவீரரைப் பீடித்த வாய்நோய் இதுவே. 1898 இல் பாரிசில் வெயோன், சூபர் என்போர், உயரமான குழாய்களில் ஏகார்க் கூழை நிரப்பி அதன் அடியாழத்திலே அழுகற்சீழ் நுண்ணங்கிகளை வளர்த்துக் காட்டினர். கூழின் மேற்பகுதி காற்றைத் தடுத்தது. எளிய உத்தி, ஆயினும் துர்நாற்றச் சீழில் காற்றறியா உயிர்களே மிகுதி என்ற உண்மை அதனால் வெளிப்பட்டது.

எனினும் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் சீழைத் திறந்த காற்றிலேயே வளர்த்தன. காற்றைப் பொறுக்கும் கோளவுயிர்கள் வளர்ந்தன. பழி அவற்றின்மேல் விழுந்தது. எதுவும் வளராதபோது வளர்ச்சி இல்லை என அறிக்கை எழுதப்பட்டது. இந்த இரு சொற்களை வரலாற்று மாணவர் கருதிப் பார்க்கவேண்டும். ஆவணத்தில் இடம்பெறாத மக்களை இல்லாத மக்களாகக் கொள்ளும் பிழையை நம் துறையிலும் நாம் அறிவோம். வளரவில்லை என்பது கொடுத்த சூழலைப் பற்றிய செய்தி. வாயைப் பற்றிய செய்தியன்று.

1916 இல் மக்கின்ரொஷ், பில்டெஸ் என்னும் பிரித்தானியர் போர்க்காயங்களை ஆராயும் தேவையால் ஒரு சாடியை அமைத்தனர். மூடிய சாடிக்குள் ஐதரசன் செலுத்தப்படும். பலேடியம் ஊக்கியின்மேல் அது எஞ்சிய ஒட்சிசனோடு சேர்ந்து நீராகும். காற்று நீங்கிய சாடியில் தட்டுகள் பல நாள் இருக்கும். பின்னர், மாட்டின் இரைப்பையில் வாழும் உயிர்களை ஆராய்ந்த ஹங்கேற் என்பார் 1950 இல் விளக்கிய குழாய்முறை, மேலும் நுண்ணிய காற்றச்சமுடையவற்றையும் வளர்க்க உதவியது. மாட்டுக்கெனப் பிறந்த முறை மனித வாய்க்கும் பயன்பட்டது. 1970களில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் மூர், ஹோல்ட்மன் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகூடக் கையேடு இத்துறையினரின் இலக்கணநூல் போலாயிற்று.

இனங்காணும் முறை எவ்வளவு பொறுமை வேண்டுவது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் தகும். பஞ்சுக்குச்சியால் வாயை ஒற்றி எடுத்தாற் பயனில்லை. உமிழ்நீரின் உயிர்கள் கலந்துவிடும், பஞ்சுக்குள் நிற்கும் காற்றும் கொல்லும். சீழ்க்கட்டியின் மேற்புறத்தைத் துடைத்து, ஊசிக்குழலால் உறிஞ்சி, குழலிலுள்ள காற்றை உடனே வெளியேற்றி, தாமதமின்றி ஆய்வுகூடஞ் சேர்க்கவேண்டும். முதலில் கிராம் சாயமூட்டல். காற்றில் வளராதது சாயத்திலாயினும் தெரியும். சாயத்தில் தெரிந்தது தட்டில் வளராவிடின் காற்றறியா உயிரென ஐயுறல் வேண்டும். பின் இரத்தமும் ஏமினும் உயிர்ச்சத்து கே யும் கலந்த ஊடகத்தில் 37 பாகை செல்சியசு வெப்பத்தில் ஐந்து முதல் ஏழு நாள் வரை வைக்கப்படும். சில கூட்டங்கள் நாளடைவிற் கறுக்கும். இரத்தத்தின் இரும்புச்சேர்வையே அக்கறுமை. கறுக்குமுன் ஊதாக்கடந்த ஒளியிற் செங்கல் நிறமாக ஒளிர்வதும் உண்டு. எந்த நுண்ணுயிர்கொல்லிக்கு அடங்குகிறது, எவ்வெக் கொழுப்பமிலங்களை வெளிவிடுகிறது என்பனவும் சோதிக்கப்படும். இவ்வளவும் எதற்கு எனின், பல்லடியிற் தொடங்கும் சீழ் தாடையின்கீழ் இறங்கிக் கழுத்தை வீங்கச்செய்து மூச்சை அடைக்கவும் கூடும். 1836 இல் யேர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த இந்நோய் இன்றும் உயிர் குடிக்க வல்லது.

மருந்து கண்ட கதையோ வேறுவிதமானது. 1962 இல் பிரித்தானியாவில் வேறொரு தொற்றுக்காக மெற்றோனிடசோல் உட்கொண்ட பெண்ணொருவர், தமது முரசுநோயும் மாறிவிட்டதெனத் தெரிவித்தார். பல்மருத்துவர் ஷின் இதனை மருத்துவ இதழொன்றில் அறிவித்தார். காற்றறியா உயிர்களுக்கெதிராக உலகெங்கும் இன்று பயன்படும் மருந்தின் இத்திறம், ஆய்வுகூடச் சாடியிலிருந்தன்று, ஒரு நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்து வெளிப்பட்டது. நோயாளி கூறுவதை எழுதிக்கொண்ட மருத்துவர் பாராட்டுக்குரியவர்.

பெயர்களின் வரலாறு தனிக்கதை. கறுக்கும் உயிரை 1921 இல் ஒலிவர், வெரி என்போர் ஒரே இனமாகப் பெயரிட்டனர். பின்னர் அது பலவாகப் பிரிந்தது. 1988 இல் போர்பைரோமோனாஸ், 1990 இல் பிறிவோற்றெல்லா என்னும் புதுச் சாதிகள் வகுக்கப்பட்டன. 1998 இல் சொக்ரன்ஸ்கி குழுவினர், 185 பேரிடமிருந்து பெற்ற 13,000க்கும் மேற்பட்ட பல்லழுக்கு மாதிரிகளை மரபணு முறையாற் சோதித்து, முரசுநோய் முற்றிய இடங்களில் மூன்று இனங்கள் கூடி நிற்பதைக் காட்டினர். போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், தனரெல்லா போர்சைதியா, திரெப்போனீமா டென்ரிகோலா என்பன அவை.

ஆயின் இனத்தைக் கண்டுவிட்டால் நோயைக் கண்டதாகிவிடுமா? இவ்வினாவுக்கு உலகம் நாடிய சான்றுகளுள் தலையாயது நம் நாட்டுத் தமிழரின் வாய்களிலிருந்தே பெறப்பட்டது. நோர்வே நாட்டவரான ஹரல்ட் லோ குழுவினர் 1970 இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை தொடர்ந்தனர். ஒப்பீட்டுக்கு ஒஸ்லோவில் எடுத்துக்கொள்ளப்பட்டோர் மாணவரும் கல்விமான்களும். அதாவது இவ்விதழை வாசிப்போர் போன்றவர்கள். தோட்டத் தொழிலாளருக்குப் பல்மருத்துவம் கிட்டவில்லை. பற்றூரிகை வழக்கமும் இல்லை. எல்லோரிடமும் பல்லழுக்கும் முரசு அழற்சியும் இருந்தன. 1986 இல் வெளிவந்த முடிவோ எதிர்பாராதது. 8 சதவீதத்தினரின் பற்கள் விரைந்து அழிந்தன. 81 சதவீதத்தினருக்கு நோய் மெதுவாகச் சென்றது. 11 சதவீதத்தினருக்கு முரசு அழற்சிக்கு அப்பாற் செல்லவேயில்லை. ஒரே உணவு, ஒரே லயம், ஒரே அழுக்கு, மூவகை விளைவு. அழுக்கின் அளவு மட்டும் காரணமன்று. அதில் வாழ்வது எது, அதனை ஏற்கும் உடல் எத்தகையது என்பனவும் காரணம் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. இன்று எந்நாட்டுப் பல்மருத்துவ மாணவரும் இவ்விழுக்காடுகளைப் படிக்கின்றனர். நோயின் இயற்கைப் போக்கை அறிய நோய் தடையின்றிச் செல்லும் இடம் வேண்டும் என்பதும், அவ்விடம் நமது தோட்டங்களில் இருந்தது என்பதும், எவ்வளவு நடுநிலையோடு எழுதினும் கசப்பவை. 2010 இல் மீண்டும் தேடிச் சென்றபோது 480 பேரில் 75 பேரே பரிசோதனைக்குக் கிடைத்தனர்.

குடாநாட்டுக்குத் திரும்புவோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978 இல் தோன்றியது. கிறீனின் மாணாக்கர் கற்ற ஊருக்கு அண்மையிலேயே, நூறாண்டு கழித்து, மருத்துவம் மீண்டும் கற்பிக்கப்பட்டது, இம்முறை ஆங்கிலத்தில். 1990 இன் பின் குடாநாடு பல ஆண்டுகள் மின்வழங்கலின்றிக் கிடந்தது. ஏழு நாள் இடையறாது 37 பாகை வெப்பம் வேண்டும் உயிரொன்றை இனங்காண்பதென்பது அத்தகைய இடத்தில் எத்துணை அரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. இனங்காணாமலே மருந்து கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கந்தான். நெருக்கடிக் காலத்தில் அதுவன்றி வேறு வழியுமில்லை. ஆனால் மருந்துக்கு அடங்காத உயிர்கள் பெருகிவரும் இக்காலத்தே அவ்வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு.

சொற்களின் நிலை இதைவிடச் சற்று நன்று. சுயமொழிக் கல்வியின் பயனாக நுண்ணங்கி, வளர்ப்பூடகம், நுணுக்குக்காட்டி என்பன பாடசாலைச் சொற்களாயின. காற்றின்றிய சுவாசம் என்று க. பொ. த. மாணவர் விடைத்தாளில் எழுதுகின்றனர். அம்மாணவரே மருத்துவபீடம் புகுந்ததும் அச்சொல்லை மறந்துவிடுகின்றனர். நோயாளியிடம் கிருமி என்கின்றனர். தாளில் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். கிறீனின் நூற்பெயர்களை உற்று நோக்கினால் அவர் ஒரே விதியைப் பிடித்துத் தொங்கவில்லை என்பது தெரியும். கெமிஸ்தம் அந்நியச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்தது, அங்காதிபாதம் வடமொழி, இரண வைத்தியம் ஊரார் அறிந்தது. அம்முறையிற் பார்த்தால் போர்பைரோமோனாஸ் என்பதை ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஜிஞ்சிவாலிஸ் என்னும் இனப்பெயர் பல்லைத் தாங்கும் சதைக்குரியது என்று மட்டுமே பொருள்படும் இலத்தீன் சொல். அச்சதைக்கு யாழ்ப்பாணத்தார் புதிதாகச் சொல் ஆக்க வேண்டியதில்லை. முரசு நோகிறது என்று சொல்லிக்கொண்டுதான் நோயாளி வைத்தியசாலைக்கு வருகிறார்.